நிறுத்தி வைத்த நாற்றம்

பூமிநாதன் டி.வி.யில் கிரிக்கெட்டை நிறுத்தி வைத்த அந்தச் சாயங்காலம், சி பிளாக் குடியிருப்புக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையின் நாற்றமும் அதோடு சேர்ந்து நின்றது. சாக்கடை நிற்கவில்லை, அது எப்போதும்போலக் கறுப்பாக, நுரை தள்ளி, கோழி இறகையும் முட்டை ஓட்டையும் யாரோ வீட்டுக் குழந்தையின் டயாப்பரையும் தூக்கிக்கொண்டு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நின்றது நாற்றம் மட்டும்தான்.

அவன் மனைவி ரஞ்சிதம் அப்போது அடுப்படியில் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். கருவாடு வறுபடுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது, மூக்குக்கு மட்டும் வரவில்லை. அவள் எதையும் மூக்கில் வைத்துப் பார்த்தே நம்புகிறவள். பாலைக் காய்ச்சும் முன் மோப்பம் பிடிப்பாள், படுக்கப் போகும் முன் கேஸ் அடுப்பின் திருகுக்குக் குனிவாள், துவைத்த துண்டை மடிக்கும் முன் ஒருமுறை முகர்ந்து முகம் சுளித்து மறுபடி வாளியில் போடுவாள். தன் மூக்கு இல்லாவிட்டால் இந்த வீடு என்றைக்கோ எரிந்தோ அழுகியோ போயிருக்கும் என்பது அவள் எண்ணம். ஆகையால் கரண்டியோடு அப்படியே கூடத்துக்கு ஓடி வந்தாள்.

டி.வி.யில் மட்டைக்காரன் ஓங்கிய மட்டையோடு நின்றிருந்தான். பூமிநாதன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உங்களுக்குக் கருவாட்டு வாசம் வருதா?"

"வரல. அதுக்கு ஏன் இப்படி ஓடியார? வந்தாத்தான் மேல்வீட்டுல திட்டுவாங்க."

பேசி முடித்து அவன் ரிமோட்டை அமுக்கினான். மட்டை இறங்கியது, பந்து பறந்தது, கருவாடும் சாக்கடையும் இவ்வளவு நேரம் வாசலில் செருப்போடு காத்துக்கொண்டிருந்த விருந்தாளிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உள்ளே வந்தன. ரஞ்சிதம் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

பூமிநாதன் கேபிள் டி.வி. கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவன். அந்த வேலை போனபோது அங்கே கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கி வந்து, அதற்குள் டி.வி. கார்டைச் சொருகி, பெரிய டி.வி.யோடு இணைத்து வைத்திருந்தான். நேரலையாக வருகிற நிகழ்ச்சியை அந்தப் பெட்டி நொடிக்கு நொடி பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். முதலில் டிஸ்க்கில்தான் பிடித்து வைத்தான். ராவும் பகலும் எழுதி எழுதி டிஸ்க் தேய்கிறது, கரகரவென்று எலி சுரண்டுகிற மாதிரி சத்தம் வேறு போடுகிறது என்று, அதை விட்டுவிட்டு மெமரியில் பிடிக்க வைத்தான். மெமரி சத்தம் போடாது, தேயாது. ஒரே ஒரு குறை, கரண்ட் போனால் பிடித்து வைத்தது அத்தனையும் இல்லாமல் போய்விடும். அதற்காகப் பக்கத்தில் ஒரு யு.பி.எஸ். வைத்தான்.

அன்றைக்கு அவன் நாலைந்து தடவை நிறுத்தி ஓட்டிப் பார்த்தான். நிறுத்தினால் நாற்றம் நின்றது, ஓட்டினால் வந்தது. அவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"லைவா வர்றத அது பிடிச்சு வைக்குது. டி.வி. மட்டுந்தான் லைவா வருதா என்ன?" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் கதவைத் தட்டியது மேல்மாடி அழகுமலை. அவன்தான் குடியிருப்பு நலச் சங்கத்துச் செயலாளர், எந்நேரமும் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு திரிகிறவன்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்கும் வந்துச்சுண்ணே. அதாவது, வரலண்ணே."

இப்படித்தான் சி பிளாக் அந்தப் பெட்டியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார்கள், நிறுத்தினான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல்முறையாக ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் மெமரிக்கும் வயிறு என்று ஒன்று உண்டு. அது நிறைந்தால் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். அதனால் பிடித்து வைத்த நாற்றத்தை எப்போது அவிழ்த்துவிடுவது என்று சங்கத்தில் பேசினார்கள். ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு என்று ஒரே மனதாக முடிவானது.

அப்புறம் வீட்டில் மிஞ்சுகிற பெண்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். பாத்திரம் தேய்க்கும்போது நேற்று ராத்திரிச் சாக்கடை வந்தது, துணி அலசும்போது மூன்றாம் மாடியில் யாரோ எடுத்த வாந்தி வந்தது, பூ கட்டும்போது யாருடைய பிராந்தியோ வந்தது. நாற்றம் அடிக்கிற நேரத்திலேயே வந்தால் அது சாக்கடையின் குற்றம், போனால் போகிறது. அடுத்தவன் மென்று வைத்ததை மறுநாள் வாய் திறந்து வாங்குகிற மாதிரி இதென்ன பிழைப்பு என்று ரஞ்சிதம் எதிர்வீட்டுச் சிந்தாமணியிடம் பொருமினாள்.

"பழகிக்கங்கக்கா," என்றாள் சிந்தாமணி. "எங்க வீட்டுக்காரர் குடிக்கலைனு சத்தியம் பண்ணுனாரு. காலைல பத்து மணிக்கு மாட்டிக்கிட்டாருல்ல!"

கொஞ்ச காலத்தில் அதற்கும் வழி பிறந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து, மச்சான் ஆபீஸிலிருந்து, குப்பைக் கடையிலிருந்து என்று உள்ளங்கை நீளப் பச்சை மெமரிப் பட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பூமிநாதன் சுவரோரமாகப் பெட்டிக்குமேல் பெட்டி அடுக்கி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்தான். மெமரியின் வயிறு பெருத்தது. ஒரு நாள் நிறுத்தலாம், ஒரு வாரம் நிறுத்தலாம், ஒரு மாதம் நிறுத்தலாம் என்றானது. கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை செய்தி நேரத்தில் நிறுத்தினான், அதன்பிறகு அவன் ஓட்டவே இல்லை. டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் பாதி திறந்த வாயும் பாதி மூடிய கண்ணுமாக நின்றுபோனாள். பார்க்கச் சகிக்காத முகம் அது, தும்மல் வரப்போகிறவள் முகம். ஆனாலும் பிளாக் அதையும் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது அவளுக்குக் கையாட்டிவிட்டுப் போயின. ஆயுத பூஜைக்கு அழகுமலை வந்து பெட்டிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தான், சந்தனமும் மணக்கவில்லை.

அந்த வருஷம் மழை பெய்து மண் மணக்கவில்லை. மல்லிகை வெறும் வெள்ளை நூலாகக் கொண்டையில் தொங்கியது. புளித்த மாவையும் திரிந்த பாலையும் நாக்கில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள், சிலர் குடித்துவிட்டுத் தெரிந்துகொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. குளிப்பதைக்கூடச் சிலர் குறைத்துக்கொண்டார்கள். நாறாத அக்குளை எதற்குக் கழுவ வேண்டும்? படியில் அவர்கள் இறங்கி வரும்போது கழுத்து மடிப்பில் அழுக்கு கருப்புக் கயிறு போலக் கிடப்பது ரஞ்சிதத்தின் கண்ணில்தான் படும். வாசம் இல்லையே தவிர அது அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கும்போதே அவளுக்கு எச்சில் ஊறும், துப்ப இடம் தேடுவாள்.

பூமிநாதனுக்கு அப்போதுதான் காலம் வந்தது. வேலை போனவன் என்று படியில் ஒதுங்கிப் போனவர்கள் இப்போது வாசலில் நின்று அண்ணே என்றார்கள். அவன் பெட்டிகளைவிட்டு நகரவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை யு.பி.எஸ். மேல் நீட்டி வைத்துக்கொண்டு, அசையாத அந்தச் செய்திக்காரியையே பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்க வேறு ஒன்றும் அவனுக்கு இல்லை, எந்த டி.வி.யைப் பார்க்க இத்தனையும் செய்தானோ அதை அவன் பார்த்துப் பல நாளாயிற்று.

இப்படி இருக்கும்போது நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சாக்கடைக்கு மூடி போடச் சொல்லி சி பிளாக் வருஷக்கணக்காக எழுதிய மனு எங்கெங்கோ சுற்றி அவர் கையில் போய் விழுந்திருந்தது. அவர் ஸ்கூட்டரை நிறுத்திய அதே நேரத்தில்தான் அழகுமலையின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மாடியேறிக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டிவிடுங்கங்குறேன்," என்றாள் ரஞ்சிதம். "அந்த ஆளு மூக்குல ஒரு தடவ ஏறட்டும்."

அழகுமலை படியிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "மதினி, மதினி, மூடி அடுத்த வருஷம் போட்டுக்கலாம் மதினி. எம்பொண்ணுக்கு வயசு போகுது."

அதிகாரி சாக்கடைக் கரையில் நின்று நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

"நாத்தம்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா?"

"கண்ணுக்குத் தெரியுதுல்ல சார்? அந்தா, செத்த எலி மிதக்குது பாருங்க," என்றாள் அவர் பின்னாலேயே வந்த ரஞ்சிதம்.

"எலி மிதக்குதுன்னு மனுவுல இல்லையேம்மா. நாத்தந்தானே புகாரு?"

நாற்றம் ஏதும் உணரப்படவில்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். மனு முடிந்தது. மாடியில் கேசரியும் பஜ்ஜியும் போய்க்கொண்டிருந்தன, பெண் பிடித்துவிட்டது என்று கீழே சொல்லி அனுப்பினார்கள். ரஞ்சிதத்தைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் ஈ வந்தது.

ஈக்களை அந்தப் பெட்டி கட்டுப்படுத்தவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஈக்கு அதன் வேலை தெரியும். முதலில் ஒன்று வந்து பூமிநாதனின் வலது கால் சாக்ஸ் மேல் உட்கார்ந்தது. ரஞ்சிதம் விரட்டினாள். மறுநாள் நாலைந்து வந்தன. தட்டில் மீன் இருந்தது, மேடையில் பழம் இருந்தது, அவற்றையெல்லாம் விட்டுவிட்டு நேராக அந்தக் காலுக்கு வந்து, ரேஷன் கடை வாசலில் நிற்கிற மாதிரி முண்டியடித்தன. பச்சை ஈ. பார்க்கவே அவளுக்குப் பல் கூசியது.

"காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல ரஞ்சி. யு.பி.எஸ். சூடுல லேசா கொப்புளம். மருந்து வச்சிருக்கேன்."

பூமிநாதனுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி செத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடக்கிறவன். சுடுகிற பெட்டிமேல் நாளெல்லாம் காலை வைத்திருந்தவனுக்குச் சூடு எப்படித் தெரியும்? அவள் மல்லுக்கட்டிச் சாக்ஸை உருவினாள். அது தோலோடு ஒட்டிக்கொண்டு, மெதுவாக, வெல்லப்பாகு இழுபடுவதுபோல் இழுபட்டு வந்தது. கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் கறுப்பாகவும் ஈரமாகவும் இருந்தது.

"ஐயோ, வாங்க ஆஸ்பத்திரிக்கு!"

"நாத்தம் அடிக்குதா?"

"அடிக்காது. எப்படி அடிக்கும்? நீங்கதான் நிறுத்தி வச்சிருக்கீங்களே!"

"அழுகியிருந்தா எந்த மூலையிலருந்தாலும் நாறும்டி. காஞ்சுக்கிட்டு இருக்கு, அதான் கறுப்பு. மேல நிச்சயதார்த்தம் முடியட்டும். நான் எந்திரிச்சுப் போனா இதை யாரு பாத்துக்குவா?"

அவனுடையது அவள் ஒருத்தியால் தூக்க முடியாத உடம்பு. ரஞ்சிதம் ஆள் கூப்பிட ஓடினாள். நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த அழகுமலையும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள், சிந்தாமணியும் வந்தாள். ஒவ்வொருவராகக் குனிந்து, கால் விரலுக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய், பூவை முகர்கிற மாதிரி நிதானமாக முகர்ந்து நிமிர்ந்தார்கள்.

"ஒண்ணும் இல்லையே மதினி."

"அழுகுனா தெரியாதாக்கா? எங்க மாமனாருக்கு வந்தப்ப தெருவே தாங்கலையே."

"மதினி சும்மாவே எதுக்கெடுத்தாலும் பதறுவாங்க," என்று அழகுமலை மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "வருசா வருசம் கேஸ் கசியுதுன்னு ஆளைக் கூப்பிடுவாங்களே."

அவர்கள் பேசும்போது ஒரு ஈ விரலிடுக்கிலிருந்து வெளியே வந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, மறுபடி உள்ளே போயிற்று. அதை எல்லாரும்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு நாற்றம் இல்லை என்றார்கள்.

நிச்சயதார்த்தத்து அன்று பூமிநாதனுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அவன் செய்திக்காரியைப் பார்த்து, வாசி, வாசி, ஏன் நிறுத்திட்ட என்று பிதற்ற ஆரம்பித்திருந்தான். கால் கணுக்கால்வரைக்கும் பளபளவென்று வீங்கியிருந்தது. பந்தலில் பந்தி உட்கார்ந்திருந்தது. இலையில் அப்பளம் வைத்தாகிவிட்டது. ரஞ்சிதம் பந்திக்கு நடுவில் போய் நின்று, நாலு ஆம்பளைங்க வாங்க, ஆட்டோவுல ஏத்தணும் என்று கத்தினாள்.

அழகுமலை இலைகளுக்கு நடுவே வேகமாக வந்து அவள் காதோடு சொன்னான். "மதினி, சம்பந்தி பாக்குறாங்க. இன்னும் தட்டு மாத்தல, பாயாசம் வரைக்கும் பொறுங்க. காய்ச்சல்தான? மாத்திரை தர்றேன்."

"கால் அழுகுதுடா."

"நாத்தமே இல்லையே மதினி!"

அவன் முகத்தில் பொய் இல்லை என்பதுதான் ரஞ்சிதத்துக்கு அருவருப்பாக இருந்தது. அவன் நிஜமாகவே நம்பினான். சாக்கடையை நம்பாத அதிகாரியைப் போல, காலை நம்பாத பூமிநாதனைப் போல, மூக்குக்கு வராதது உலகத்தில் இல்லை என்று அத்தனை பேரும் நம்பிக்கொண்டு, கழுவாத கையால் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கண்ணும் கையும் சொன்னால் இவர்கள் எழுந்திரிக்க மாட்டார்கள்.

அவள் வீட்டுக்குத் திரும்பினாள். சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். யு.பி.எஸ். கீகீ என்று கத்த ஆரம்பித்தது. இந்தப் பொத்தானை மட்டும் தொடாதே என்று பூமிநாதன் என்றைக்கோ காட்டி வைத்திருந்த பொத்தான் அவளுக்குத் தெரியும். அவன் காய்ச்சலிலும் கையை நீட்டி, "ரஞ்சி, அம்புட்டும் போயிரும், ரஞ்சி," என்றான்.

"போகட்டும்," என்று சொல்லி அமுக்கினாள்.

செய்திக்காரியின் முகம் அணைந்தது. பெட்டிகளின் விசிறிகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றன. இத்தனை நாள் அடக்கிவைத்தது மொத்தமும் ஒரே நேரத்தில் புறப்பட்டு வந்து கொன்றுவிடும் என்று பிளாக்கே பயந்துகிடந்ததே, அது நடக்கவில்லை. பிடித்து வைத்தது எல்லாம், சாக்கடையும் வாந்தியும் கருவாடும், யாருக்கும் கிடைக்காத அந்த வருஷத்து மண் வாசமும், சிந்தாமணி மகள் சடங்குக்குச் சூடிய மல்லிகையும், போன இடம் தெரியாமல் போயின. வந்தது அந்த நொடியின் நாற்றம் மட்டும்தான்.

அதுவே போதுமானதாக இருந்தது. முதலில் சாக்கடை வந்தது, அது பழைய ஆள். அதன் பின்னால் குளிக்காத உடம்புகள், மக்கிய பாய்கள், ஊசிப்போன சாம்பார், மூத்திரம் காய்ந்த படிக்கட்டு என்று பிளாக் தன்னைத் தானே முகர்ந்தது. பந்தியில் இருந்தவர்கள் தங்கள் கையை முகர்ந்துவிட்டு இலையை மடித்தார்கள். இவை எல்லாவற்றையும் பிளந்துகொண்டு, இனிப்பும் அழுகலும் கலந்த ஒன்று, அடைத்த அறையில் செத்துக்கிடக்கும் பெருச்சாளியின் வாடை, கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு ஏறியது. யாரும் யாரையும் கேட்கவில்லை. கால் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

நாலு பேர் கேட்டவளுக்குப் பதினாலு பேர் வந்தார்கள். அழகுமலை பட்டு வேட்டியோடு வந்து தலைமாட்டில் பிடித்தான். ஆட்டோவுக்குள் தூக்கி வைப்பதற்குள் இரண்டு பேர் ஓரமாகப் போய்க் கேசரியைக் கக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றாள் டாக்டரம்மா. முகக்கவசத்துக்குமேல் அவள் கண்கள் ரஞ்சிதத்தை அருவருப்போடு பார்த்தன.

"இவ்வளவு தூரம் வர்ற வரைக்கும் வீட்டுல யாருக்குமே நாத்தம் தெரியலையா?"

"நிறுத்தி வச்சிருந்தோம்," என்றாள் ரஞ்சிதம். டாக்டரம்மா சீட்டை இழுத்து மருந்து எழுத ஆரம்பித்தாள்.

நிச்சயதார்த்தம் முறியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே தட்டு மாற்றினாளாம், எங்க தெருவுலயும் இதே நாத்தந்தான், இத்தன நாளா நீங்க எப்படித்தான் வாசமே இல்லாம இருக்கீங்கன்னு எங்களுக்குக் கூச்சமா இருந்துச்சு என்றாளாம். சிந்தாமணி இதை ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னபோது ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அழகுமலை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தான். கண் பெட்டிகளின் பக்கமே போய்ப் போய் வந்தது.

"சாக்கடையை மட்டும், மதினி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும். அண்ணன் ஒரு தடவ போட்டுவிட்டா..."

பூமிநாதன் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவன் விரல் ரிமோட் இருந்த இடத்தைத் தடவியது. ரஞ்சிதம் எழுந்து போய், பச்சைப் பட்டைகளைப் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீன் வாங்குகிற பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"யாரு யாரு குடுத்ததுன்னு எனக்குத் தெரியாது. எடுத்துட்டுப் போயி பிரிச்சுக் குடுத்துரு. அப்படியே அந்த மனுவைத் திரும்ப எழுது. ரெண்டு பேனா வச்சிருக்கேல்ல?"

அவன் பையை வாங்கினான். வாங்கியதும் தன்னை அறியாமல் அதன் வாயை விரித்து முகர்ந்து பார்த்தான்.

"மீன் நாத்தம், மதினி."

"ஆமா. மீன் பைதான."

அவன் போன பிறகு அவள் கதவைச் சாத்தவில்லை, ஜன்னலையும் சாத்தவில்லை. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி கட்டை அவிழ்த்து, பஞ்சை எடுத்து வீசிவிட்டு, விரல்கள் இல்லாத அந்த இடத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்தாள். சாக்கடை வந்தது. அதை ஒதுக்கிவிட்டு இன்னும் ஆழமாக இழுத்தாள். மருந்து, அதற்கு அடியில் கழுவிய தோல், அதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

"என்ன அடிக்குது?" என்று கேட்டான் பூமிநாதன். அவன் குரல் தணிந்திருந்தது.

"மருந்து."

"வேற?"

"வேற சாக்கடைதான். வேற என்ன, தாழம்பூவா வரும்?"

புதுத் துணி சுற்றிக் கட்டி முடித்து, ஜன்னலண்டை போய், கீழே கறுப்பாக நகர்கிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் காறித் துப்பிவிட்டு உலை வைக்கப் போனாள்.